எந்த இரண்டு

மூன்றும் ஒரே அச்சில் இருந்தால் மனுஷி என்னதான் செய்வாள் என்று தனக்குத்தானே வக்காலத்து வாங்கிக்கொண்டு மோட்டார் ரூம் படியில் உட்கார்ந்திருந்தாள் வசந்தாமணி. மடியில் ஒரு துணிப்பை, பைக்குள் ஒரு காட்டுப்பூனைக் குட்டி. ஐம்பதடி தள்ளி, வெட்டாமல் விட்டிருந்த கடைசி ஆறு வரிசைக் கரும்பின் ஓரத்தில், தக்காளி ஏற்றுகிற பச்சை பிளாஸ்டிக் பெட்டி. அதற்குள் கரும்புச் சோகையைப் பரப்பி, இரண்டு குட்டிகள். மணி ஐந்தே முக்கால் இருக்கும். இருட்டு கட்டுகிற நேரத்தில் தாய் வரும், பெட்டியில் இருப்பதை ஒவ்வொன்றாகக் கவ்விக்கொண்டு போகும், மடியில் இருப்பது இங்கேயே தங்கிவிடும். ஏனென்றால் அந்தத் தாய் பெற்றது இரண்டுதான். மூன்றாவது வேறொரு தாயின் குட்டி, அந்தத் தாய் கரூர் ரோட்டில் லாரியில் அடிபட்டுச் செத்துப்போனது. இதுவரைக்கும் எல்லாம் சரி. எந்த இரண்டு, எந்த ஒன்று என்பதுதான் அவளுக்குத் தெரியவில்லை. தெரியாமலே இரண்டை அங்கே வைத்துவிட்டு ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு, எல்லாம் தெரிந்தவளைப் போல முகத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். நாளைக்கு விடிந்ததும் வெட்டாட்கள் வந்து இந்த ஆறு வரிசையையும் சாய்த்துவிடுவார்கள். ஒளிய இடமில்லாமல் தாய் வேறு தோட்டம் பார்த்துப் போய்விடும், ஆறு நாளாகக் குடிக்க ஆளில்லாமல் அதற்குப் பாலும் வற்றிக்கொண்டிருக்கும். இன்றைக்கு விட்டால் இல்லை. தப்பான ஒன்று மடியில் இருந்தால், தாய் உயிரோடு இருக்கும் பிள்ளையை அவள் அநாதையாக்கிக் கூண்டுக்கு அனுப்பப் போகிறாள். தப்பான ஒன்று பெட்டியில் இருந்தால், வேற்றுக் குட்டியை முகர்ந்து பார்த்த தாய் என்ன செய்யும் என்பதை அவள் ஒருமுறை கண்ணால் பார்த்திருக்கிறாள். பார்த்ததை இப்போது நினைக்க வேண்டாம் என்று கொசுவை அடித்தாள்.

ஆறு நாளைக்கு முன்னால், மழை பிடித்து வெட்டு நின்றுபோனதற்கு முதல் நாள், இதே தோட்டத்தில் கரும்பு வெட்டும்போது இரண்டு குட்டி அகப்பட்டன. உடம்பில் கோடும் புள்ளியுமாக இருக்கவே சிறுத்தைக்குட்டி என்று ஊரே கூடிவிட்டது, ஆளாளுக்குக் கையில் தூக்கிப் போட்டோ பிடித்தார்கள். தோட்டக்காரர் அர்த்தநாரி வனத்துறைக்குப் போன் செய்ய, வனக்காவலர் ஜெயசீலன் வந்து பார்த்து, பூனைதான் என்று கூட்டத்தைக் கலைத்து, அநாதையான காட்டுப் பிராணிகளை வீட்டில் வைத்துத் தேற்றி விடுகிற வசந்தாமணியிடம் வழக்கம்போலக் கொண்டுவந்து கொடுத்தார். பொழுது சாய்ந்ததும் திருப்பி வைத்திருந்தால் அன்றைக்கே வேலை முடிந்திருக்கும். அதற்குள் யாரோ புண்ணியவான் பசும்பாலைப் புகட்டியிருந்தான், இரண்டுக்கும் வயிற்றுப்போக்கு, துவண்டு கிடந்தன. அன்று சாயங்காலமே ஜெயசீலன் மூன்றாவதைக் கொண்டுவந்தார். செத்த தாயின் பக்கத்தில் கிடந்ததாம், குளிர்ந்து விறைத்துப் போயிருந்தது. ஒற்றைக் குட்டிக்குச் சூடு வேண்டும், துணை வேண்டும். துணைக்கு இன்னும் இரண்டு அதே வயதில் இருக்கும்போது வேறென்ன செய்வாள், மூன்றையும் ஒரே அட்டைப்பெட்டியில் விட்டாள். அது சரியான காரியம். எந்த டாக்டரைக் கேட்டாலும் அதைத்தான் சொல்வார். ஒரு அடையாளம் வைத்திருக்கலாம். மகள் விட்டுப்போன நகப்பாலீஷ் பீரோ மேலேயேதான் இருந்தது, ஒரு நகத்தில் ஒரு சொட்டு வைக்க எவ்வளவு நேரமாகும். ஆனால் அடையாளம் எதற்கு என்று இருந்தது. தராசில் வைத்தபோது தோட்டத்துக் குட்டிகள் இருநூற்றுத் தொண்ணூறு கிராம் சொச்சம், இந்த அநாதை இருநூற்றுப் பத்து. கையில் எடுத்தாலே தெரியும், கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம். அந்தத் தைரியம்தான் கெடுத்தது. இரண்டு மணிக்கொரு தரம் எழுந்து புகட்டப் புகட்ட, அநாதை ராட்சசன் மாதிரி குடித்தது. மற்ற இரண்டும் போக்கு நிற்கிறவரை ஏறாமல் நின்றன. இன்றைக்கு மத்தியானம் தராசில் வைத்தால் முந்நூற்று நாற்பத்தாறு, முந்நூற்று நாற்பத்தெட்டு, முந்நூற்று நாற்பத்தைந்து. தராசையே வெறித்துப் பார்த்துக்கொண்டு நின்றாள். நன்றாக வளர்த்ததற்கு யாராவது திட்டு வாங்குவார்களா, வாங்க வேண்டியதுதான். பால் சொசைட்டியில் பதினெட்டு வருஷமாகப் பால் சோதிக்கிறவள், கேனைத் திறந்ததும் இது யார் வீட்டு எருமை, எந்த எருமை பருத்திக்கொட்டை தின்றது என்று வாசத்திலேயே சொல்கிறவள், ஊரில் ஒருவரும் அவளிடம் தண்ணீர் கலந்து தப்ப முடியாது, அவளுக்கு மூன்று பூனைக்குட்டியில் எது எதுவென்று தெரியவில்லை. பேராவது வைத்திருந்தால் தெரிந்திருக்கும். ஆனால் பேர் வைக்கக் கூடாது என்பது அவளே போட்ட சட்டம். பேர் வைத்தால் கூப்பிடத் தோன்றும், கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கும், அப்படித் திரும்பிப் பார்க்கப் பழகிய பிராணி காட்டுக்கு ஆகாது. பதினோரு வருஷமாக ஆந்தை, கீரி, மயில் குஞ்சு, எதற்கும் பேர் கிடையாது. எல்லாம் குட்டி, எல்லாம் குஞ்சு. வீட்டுக்காரர் குருசாமி காலையில் பல் துலக்கிக்கொண்டே சொன்னார், சீட்டு எழுதிக் குலுக்கிப் போடு என்று. அவருக்கு எல்லாம் விளையாட்டு. அவள் கடைசியில் செய்தது சீட்டைவிட ஒன்றும் பெரிய அறிவில்லை.

மூன்றையும் கூடத்தில் விட்டுக் கையை நீட்டினாள். இரண்டு பதுங்கின, ஒன்று வந்து விரலைப் பிடித்துச் சப்பியது. தாயைப் பறிகொடுத்து விறைத்துக் கிடந்து, அவள் கைச்சூட்டில் பிழைத்தது எதுவோ அதுதான் ஓடிவரும், அதுதான் அநாதை என்று முடிவு செய்து அதைப் பையில் போட்டாள். நியாயமான முடிவுதான். வண்டியில் வரும்போதே அந்த நியாயம் ஆட்டம் கண்டுவிட்டது. வயிற்றுப்போக்கில் மூன்று நாள் கிடந்ததைத்தானே அவள் அதிகம் தூக்கினாள், துடைத்தாள், சேலைக்கு மேல் மாட்டுகிற சட்டைக்குள் போட்டுக்கொண்டு நடந்தாள். அப்படியானால் ஓடிவருவது அந்த இரண்டில் ஒன்றாகவும் இருக்கலாமே. சட்டைக்குள் போட்டுக்கொண்டது எதை? சாந்தமாக இருந்ததை. சாந்தமாக இருந்தது எது? இந்த இடத்துக்கு வந்ததும் யோசனை மறுபடியும் புறப்பட்ட இடத்துக்கே போய்விடுகிறது. இன்னொன்றும் இருக்கிறது, அதை நினைக்க அவளுக்கு வெட்கமாக இருந்தது. எல்லாவற்றிலும் பிடித்ததைத்தான் மடியில் வைத்துக்கொண்டாளோ. ஓடிவந்ததனால் அநாதை என்று நினைத்தாளா, ஓடிவந்ததை விட மனசில்லாமல் அநாதை என்று பட்டம் கட்டினாளா. பை அசைந்தது, உள்ளே புரண்டு படுத்தது. துணியோடு சேர்த்துக் கையை வைத்தாள், சூடாக இருந்தது, உடனே எடுத்துவிட்டாள். சின்ன வயசில் அம்மா கோபம் வந்தால், உன்னைத் தவுட்டுக்குத்தான் வாங்கினேன் என்பாள். எல்லார் வீட்டிலும் சொல்வதுதான். ஆனால் வசந்தாமணி அதை நிஜமென்று நம்பி, அக்கா தூங்கும்போது பக்கத்தில் போய் நின்று மூக்கையும் காதையும் ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறாள். எந்த வீட்டுத் தவிடு, எத்தனை படி என்று கேட்டதற்கு அம்மா விழுந்து விழுந்து சிரித்தாளே தவிர இல்லையென்று சொல்லவில்லை. அன்றைக்கு ராத்திரி வேறெங்கோ ஒரு வீட்டில் தன் சொந்த அம்மா இருப்பதாக நினைத்து அழுதாள், அழுதுகொண்டே இந்த அம்மாவின் முதுகோடுதான் ஒட்டிப் படுத்தாள். குழந்தைக்கு யாராக இருந்தால் என்ன, சூடு இருந்தால் போதும். குட்டிகளுக்கும் அப்படித்தான். ஆனால் தாய்க்கு அப்படியா? தாய்க்கு அப்படியில்லை என்பதுதான் இங்கே சிக்கல்.

அர்த்தநாரி வரப்பில் வந்தார், கையில் டார்ச் இருந்தது, நல்லவேளையாகப் போடவில்லை. அறுபது வயசு இருக்கும், இந்த ஆறு வரிசைக்காக ஆலைக்காரனிடமும் வெட்டாட்களின் மேஸ்திரியிடமும் மல்லுக்கட்டி இரண்டு நாள் தவணை வாங்கியவர். தினம் பொழுது சாயும்போது தாய் வந்து கத்துவதைக் கேட்டுக்கொண்டு சோறு இறங்கவில்லை என்று போனில் சொன்னவரும் அவர்தான். பெட்டியில் எத்தனை வைத்திருக்கிறாள் என்று கேட்டார், இரண்டு என்றாள். நம்ம தோட்டத்துக் குட்டி ரெண்டும் வந்துவிட்டதா, சந்தோஷம் என்றார். அவள் தலையை ஆட்டினாள். பையைப் பார்த்துவிட்டு அது என்ன என்றார். அது ரோட்டில் கிடைத்தது, அதை நாளைக்கு ஜெயசீலன் மறுவாழ்வு மையத்துக்குக் கொண்டுபோவார் என்றாள். மையத்தில் என்ன செய்வார்கள் என்று கேட்டார். வளர்ப்பார்கள் என்றாள். ஒற்றையாக வளர்ந்த பூனைக்கு வேட்டையாடச் சொல்லிக்கொடுக்க ஆளில்லை, அதனால் சாகிறவரை கம்பிக்குப் பின்னால்தான் வைத்திருப்பார்கள் என்பதை அவரிடம் சொல்லவில்லை. மூன்றையும் சேர்த்தே வைத்தால் என்ன அம்மிணி என்று அவர் சாதாரணமாகக் கேட்டுவிட்டார். அதைத்தானே மத்தியானத்திலிருந்து மென்றுகொண்டிருக்கிறாள். சில தாய் சேர்த்துக்கொள்ளும். பூனைச் சாதி பல நேரம் சேர்த்துக்கொள்ளும். ஆனால் நாலு வருஷத்துக்கு முன்னால் ஒரு மரநாய், அதுவும் சாதுவான தாய்தான், அதன் நாலு குட்டியோடு அநாதை ஒன்றை இவளே தன் கையால் விட்டாள். மரநாய் ஒவ்வொன்றாக நக்கிக்கொண்டே வந்தது, ஐந்தாவதையும் நக்கியது. நக்கிவிட்டுக் கழுத்தைக் கடித்தது. நக்கியதே என்று கூண்டு வாசலைச் சாத்திவிட்டு டீ போடப் போய், திரும்பி வந்து செத்துக் கிடந்ததைப் பார்த்தவள் இவள். சேர்த்துக்கொள்ளாதுங்கண்ணா, கொன்னு போட்டாலும் போட்டுருமுங்க என்று மட்டும் சொன்னாள். அவர் மேலே கேட்காமல், கொட்டத்தில் மாடு கட்டிவிட்டு வருகிறேன் என்று போய்விட்டார். போனதும் நிம்மதியாக இருந்தது, உடனே யாராவது பக்கத்தில் இருந்தால் தேவலை என்றும் இருந்தது. மயில்கள் வேப்பமரத்தில் ஏறிக்கொண்டு ஒன்றுக்கொன்று சண்டை பிடித்தன. வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் கோயிலில் மைக்கைத் தட்டிப் பார்த்தார்கள். அப்புறம் எல்லாம் அடங்கியது. வரப்பும் கரும்பும் ஒரே நிறமாகிக்கொண்டு வரும்போது, கரும்புக்குள்ளிருந்து அடித்தொண்டையில், உறுமலா முனகலா என்று சொல்ல முடியாத குரல் வந்தது. தாய்.

பெட்டியிலிருந்து இரண்டும் பதில் கொடுத்தன. வசந்தாமணிக்கு நெஞ்சு நிறைந்தது, சரியாகத்தான் வைத்திருக்கிறோம், பெற்றவளின் குரல் தெரிந்து கத்துகின்றன என்று நினைத்து முடிப்பதற்குள் மடியிலிருந்த பையும் கத்தியது. அதே கத்தல், அதே அவசரம். எந்தக் குட்டியும் எந்தத் தாய் கூப்பிட்டாலும் கத்தும், இது அவளுக்குத் தெரியாததா, தெரியும். ஆனாலும் பையின் வாயைக் கையால் மூடினாள். மூடிய கைக்குள் அது மூக்கை வைத்து முட்டியது. சோகை சரசரத்தது. நீண்ட கால்களோடு, காது நுனியில் கொஞ்சம் கறுத்த மயிரோடு, மணல் நிறத்தில் ஒரு உடம்பு கரும்பைவிட்டு வெளியே வந்து நின்றது. எவ்வளவு மெலிந்திருக்கிறது. பெட்டியை ஒரு சுற்றுச் சுற்றியது, தலையை உள்ளே விட்டது. வசந்தாமணி மூச்சை அடக்கினாள். முகர்கிறது, நக்குகிறது, நக்காதே, நக்குவதைப் பார்த்தால் எனக்குப் பயமாக இருக்கிறது, எடுத்துக்கொண்டு போ. எடுத்தது. பிடரியைக் கவ்வி, தொங்கவிட்டுக்கொண்டு, கரும்புக்குள் போய்விட்டது. பத்து நிமிஷமோ என்னவோ, திரும்ப வந்தது, இரண்டாவதையும் முகர்ந்தது, இந்தத் தடவை சீக்கிரம், கவ்வியது, போய்விட்டது. அவ்வளவுதான். முடிந்தது. இரண்டையும் எடுத்துக்கொண்டது என்றால் இரண்டும் அதனுடையதுதான். அப்படியென்றால் மடியில் இருப்பது அநாதை, தன் முடிவு சரி, பாலைப் போலவே பூனையையும் சோதித்துச் சொல்லிவிட்டாள். அல்லது இரண்டில் ஒன்று வேற்றுக்குட்டி, இந்தத் தாய் சேர்த்துக்கொள்கிற ரகம், தன் பிள்ளை ஒன்று மடியில் இருக்கிறது. இரண்டும் பொருந்துகிறது. எந்தப் பக்கம் திருப்பினாலும் பொருந்துகிறதே என்று எரிச்சலாக வந்தது. எழுந்து போய்ப் பெட்டியை எடுக்க வேண்டியதுதான் என்று காலை ஊன்றினாள். அப்போது தாய் மூன்றாவது தடவை வந்தது.

வெறும் பெட்டிக்குள் தலையை விட்டுப் பார்த்தது. முன்காலை உள்ளே வைத்துச் சோகையைப் புரட்டியது. பிறகு பெட்டியின் பக்கத்தில் உட்கார்ந்து கூப்பிட்டது. இதற்கு ஒரு அர்த்தமும் கிடையாது. எல்லாப் பூனையும் கடைசிக் குட்டியைக் கொண்டுபோன பிறகு ஒரு தடவை திரும்பி வந்து பார்க்கும், அவளே நாலு பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கிறாள், பூனைக்கு எண்ணத் தெரியாது, அதனால் வந்து பார்த்துவிட்டுப் போகும் என்று. பார்த்துவிட்டுப் போகட்டும். போகவில்லை. கூப்பிட்டது. எண்ணத் தெரியாது என்று எந்தப் பூனை இவளிடம் வந்து சொன்னது? பைக்குள்ளிருந்து பதில் போனது, வாயைப் பொத்தியும் போனது. தாயின் காது இரண்டும் இவள் பக்கம் திரும்பின. மடியிலேயே வைத்துக்கொண்டால் கூண்டு, கொண்டுபோய் விட்டால் கழுத்தில் கடியாகவும் இருக்கலாம். நாளைக்கு ஜெயசீலன் வருவார், தாளில் இரண்டு விடுவிப்பு, ஒன்று மையத்துக்கு என்று ஏற்கெனவே எழுதியாகிவிட்டது, எழுதியபடி நடந்தால் யாரும் இவளை ஒரு வார்த்தை சொல்லப் போவதில்லை. தன்மேல் பழி வராது என்பதற்காகவா ஒரு குட்டி கூண்டில் கிடக்கும் என்ற நினைப்புதான் அவளை எழுப்பியது. எழுந்துவிட்டோம் என்பது நாலு எட்டு வைத்த பிறகுதான் உறைத்தது. தாய் பின்வாங்கிக் கரும்போரத்தில் பதுங்கியது, ஓடவில்லை, சீறியது. பெட்டிக்குப் பக்கத்தில் குட்டியைத் தரையில் இறக்கிவிட்டு, திரும்பாமல் பின்னோக்கி நடந்தாள். குட்டி தாயைப் பார்த்தது. பிறகு திரும்பி, வாலைத் தூக்கிக்கொண்டு, தள்ளாடித் தள்ளாடி இவளைப் பார்த்து வந்தது. வந்து சேலையைப் பிடித்து ஏறியது. பிய்த்தெடுத்து மறுபடியும் கொண்டுபோய் விட்டாள், மறுபடியும் வந்தது. அங்கே பெற்றவளோ வளர்ப்பவளோ கொல்கிறவளோ ஒருத்தி கூப்பிட்டுக்கொண்டிருக்கிறாள், இது இந்த நாசமாய்ப்போன சட்டை வாசத்துக்கு ஓடி வருகிறது. ஆறு நாளில் இவள் செய்துவைத்த வேலை. குனிந்து ஒரு மண்ணாங்கட்டியை எடுத்தாள். பக்கத்தில் விழவேண்டும் என்றுதான் எறிந்தாள், விலாவில் பட்டது. குட்டி உருண்டு, எழுந்து, இவளைப் பார்த்து வாயைத் திறந்தது, சத்தம் வரவில்லை. இரண்டாவது கட்டியை எடுத்து, போ, போய்த் தொலை என்று எறிந்தாள். அப்போது வந்தது சத்தம், பயந்த குட்டியின் கத்தல், இந்த ஆறு நாளில் அவள் ஒருமுறைகூடக் கேட்காதது. கரும்போரத்திலிருந்து மணல் நிறமாக ஒன்று பாய்ந்தது. கழுத்தையா பிடரியையா எதைப் பிடித்தது என்று தெரியவில்லை, அவ்வளவு வேகம், அவ்வளவு இருட்டு. சோகை சரசரத்தது, அப்புறம் அதுவும் நின்றது.

அர்த்தநாரி எவ்வளவு நேரமாக வரப்பில் நிற்கிறார் என்று தெரியவில்லை. டார்ச்சை அடித்துப் பெட்டியைப் பார்த்தார், காலியாக இருந்தது. அவள் கையிலும் பை காலியாக இருந்தது.

"அந்தக் குட்டிய அடிச்சீங்களா அம்மிணி?"

"ஆமாங்கண்ணா."

அவர் டார்ச்சை அணைத்தார். அவள் எறிந்த கையை மற்றக் கையால் பிடித்துக்கொண்டாள்.

"தாய்க்குத் தெரியாதுங்களா, அதெல்லாம் பாத்துக்குமுங்க," என்றார் அவர். "விடியால வெட்டாளுங்க வந்துருவாங்க. வாங்க, வீட்டுல ஒரு வாய் காப்பி குடிச்சுட்டுப் போலாம்."

"நீங்க போங்கண்ணா, செத்த நேரம் இருந்துட்டு வர்றேனுங்க."

அவர் போனார். வசந்தாமணி கரும்புப் பக்கம் காதை வைத்துக்கொண்டு நின்றாள். ஒரு முனகல், ஒரு கத்தல், ஏதாவது வருமா என்று பார்த்தாள். ஒன்றும் வரவில்லை. பதினோரு வருஷமாக ராத்திரிகளில் எழுந்து உட்கார்ந்து, குட்டி அழுகையை நிறுத்தினால் போதும் என்று சாமியைக் கும்பிட்டவள் அவள். இப்போது குட்டி அழவில்லை. அதற்குச் சந்தோஷப்படுவதா கூடாதா என்று அவளுக்குத் தெரியவில்லை.